303 டாலருக்கு ஒரு குப்பி மூத்திரம்

"வரிப்பணத்துல உதவி வாங்குறவன் ஒரு போதை டெஸ்ட் குடுத்தா என்ன குறைஞ்சிடும்?" அமெரிக்காவில் நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தக் கேள்வி விழுந்தால், அடுத்து என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். "நாம டெஸ்ட் குடுத்துட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தோம்? உழைக்கிறவன் குப்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும், சும்மா வாங்குறவன் நிக்க வேண்டாமா?" சுற்றி இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பேச்சு கிரீன் கார்டுக்கோ கிரிக்கெட்டுக்கோ போய்விடும்.

என்னால் அப்படி விட்டுவிட முடிவதில்லை. நான் குடியிருப்பது ஃபுளோரிடாவில், டாம்பாவுக்குப் பக்கத்தில். இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2011-இல் சட்டமாகவே போட்டு, ஏறக்குறைய நான்கு மாதம் நடத்தியும் பார்த்துவிட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் மாட்டினார்கள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் வழக்குப் பதிவில் இருக்கிறது. அதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த டெஸ்ட் போதையைத் தேடிப் போகவே இல்லை. போதை எங்கே விற்றது என்று அந்த அரசுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பக்கம் திரும்பத்தான் மனசில்லை.

நான் கொடுத்த டெஸ்ட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட வசதியாக இருக்கும். ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் சேர்ந்தபோது ஆஃபர் லெட்டர் வந்த கையோடு இன்னொரு மின்னஞ்சலும் வந்தது: இன்ன தேதிக்குள் இன்ன இடத்தில் போய் மாதிரி கொடுக்கவும். இடம் ஒரு ஸ்டிரிப் மாலில், நெயில் சலூனுக்கும் பீட்சா கடைக்கும் நடுவில். உள்ளே நுழைந்ததும் சட்டைப்பை, பேன்ட் பாக்கெட் எல்லாவற்றையும் காலி செய்து ஒரு சின்ன லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். கையைக் கழுவச் சொன்னார்கள். கழிப்பறைத் தொட்டித் தண்ணீர் நீலமாக இருந்தது. அதை மொண்டு குப்பியில் கலந்துவிடக் கூடாதாம், அதற்காகச் சாயம். உள்ளே குழாயில் தண்ணீர் வராது. ஃப்ளஷ் பண்ணக் கூடாது. குப்பியில் போட்டிருந்த கோடு வரைக்கும் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தால், கையுறை போட்ட அம்மணி அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த வெப்பப் பட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். 90 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு யாருடையதையோ பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாய் என்று அர்த்தம். பிறகு என் கண்ணெதிரே மூடி, சீல் ஒட்டி, சீலின் மேல் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார்.

விருதுநகரில் இருக்கும் அம்மாவிடம் அன்றைக்கு ராத்திரி சொன்னேன். "வேலைக்குச் சேர்றதுக்கு எதுக்குடா ஒன்னுக்கைக் கேக்குறான்? சுகர் இருக்கான்னு பாக்கவா?" என்றார். போதைக்கு என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உன்னைப் பாத்தா அப்படியா இருக்கு?"

எனக்கிருந்த ஒரே பயம் குருமா. முந்தின நாள் பரோட்டாவுக்கு வைத்த குருமாவில் கசகசா அரைத்துவிட்டிருந்தோம். கசகசா அபினிச் செடியின் விதைதான். அதைத் தின்றவர் சிறுநீரில் மார்ஃபின் தெரியலாம். இந்தத் தொல்லைக்காகவே 1998-இல் அமெரிக்க மத்திய அரசு, வேலையிடச் சோதனைகளில் அபின் வகைக்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-ஆக உயர்த்தியது. குருமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மொத்தமே அரை மணி நேரம். காசு கம்பெனி கட்டியது. என் காரில் போய் என் காரில் திரும்பினேன்.

ஆக, "நாமும்தானே கொடுத்தோம்" என்பது உண்மை. ஆனால் என்னிடம் கேட்டது ஒரு தனியார் வங்கி. பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனி பார்த்திருப்பேன். அரசு கேட்டால் கதை வேறு. காரணமில்லாமல் குடிமக்களைச் சோதனை போடக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் நாலாவது திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, கம்பெனியின் கையை அல்ல. சிறுநீரை வாங்கிப் பரிசோதிப்பதும் ஒரு சோதனைதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-இல், ரயில்வே ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் சோதனையை அனுமதிக்கவும் செய்தது. ரயில் ஓட்டுகிறவர் போதையில் இருந்தால் பயணிகள் சாவார்கள், எனவே அங்கே தனிப்பட்ட சந்தேகம் தேவையில்லை. துப்பாக்கி ஏந்தும் சுங்க அதிகாரிகளுக்கும் அப்படியே. 1995-இல் பள்ளி விளையாட்டு வீரர்களுக்கும், 2002-இல் பள்ளியில் மற்றப் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவர்களுக்கும் இதை நீட்டினார்கள். பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பில் இருப்பவர்கள் என்பது அங்கே வாதம்.

இடையில், 1997-இல் வந்த ஒரு தீர்ப்பை மட்டும் நம் நண்பர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஜார்ஜியா மாநிலம், தேர்தலில் நிற்கும் வேட்பாளர்கள் போதை டெஸ்ட் கொடுத்துத் தேறினால்தான் பெயர் வாக்குச்சீட்டில் வரும் என்று சட்டம் போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். வேட்பாளர்களிடையே போதைப் பிரச்சினை இருந்ததற்கு ஆதாரம் எங்கே, வெறும் அடையாளத்துக்காக ஒருவரின் அந்தரங்கத்தில் கை வைக்க முடியாது என்பது அதன் சாரம். ஆளப்போகிறவரைக் காரணமில்லாமல் சோதிக்க முடியாது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஏழைகள் விஷயத்தில் கதவைத் திறந்துவிட்டது அதற்கு முந்தின ஆண்டு. 1996 ஆகஸ்டில் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் ஏழைக் குடும்பங்களுக்குப் பண உதவி தந்த பழைய வெல்ஃபேர் திட்டத்தை ஒழித்து, டேனஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தற்காலிகக் குடும்ப உதவியைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் விரும்பினால் உதவி பெறுவோரைப் போதைச் சோதனை செய்யலாம் என்று அதில் ஒரு பிரிவு. சந்தேகமே இல்லாமல் எல்லோரையும் சோதிக்க முதலில் துணிந்தது மிச்சிகன். 1999 அக்டோபரில் ஆரம்பித்து ஐந்தே வாரம். 268 பேரைச் சோதித்ததில் 21 பேருக்கு பாசிட்டிவ், அவர்களில் மூன்று பேர் தவிர மற்ற எல்லோருக்கும் வெறும் கஞ்சா. அதற்குள் மத்திய நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால், 2003-இல் அந்தத் தடை அப்படியே நின்றது. மிச்சிகன் ஆரம்பித்ததற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் வேறு எந்த மாநிலமும் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு சோதிக்க முன்வரவில்லை.

பிறகு ரிக் ஸ்காட் எங்கள் ஆளுநராக வந்தார்.

உதவி கேட்டு வரும் எல்லோரும் போதை டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்தில் 2011 மே 31-இல் கையெழுத்து, ஜூலை 1 முதல் அமல். ஃபுளோரிடாவில் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தில் அதிகபட்சமாகக் கிடைப்பது மாதம் 303 டாலர். டாம்பாவில் அதை வைத்து ஒரு அறைக்கு வாடகைகூடக் கொடுக்க முடியாது. அந்த 303 டாலருக்கு மனுப்போட வருகிறவர், சந்தேகம் இருக்கிறதோ இல்லையோ, லேபைத் தானே தேடிப் போக வேண்டும். 25 முதல் 45 டாலர் வரை தன் கைக்காசைக் கட்ட வேண்டும். தேறினால் முதல் தவணையோடு அந்தக் காசு திரும்பி வரும். தேறாவிட்டால் ஒரு வருஷத்துக்கு உதவி கிடையாது. பிள்ளைகளின் பங்கை வேறொருவர் பெயரில் வாங்கலாம், ஆனால் அவரும் குப்பியை நிரப்பித் தேற வேண்டும். இது போதாதென்று, பாசிட்டிவ் வந்தவர் விவரம் குழந்தை வதை பற்றிப் புகார் வாங்கும் ஹாட்லைனுக்கும் போகும்.

கைவசம் 2,000 டாலருக்கு மேல் வைத்திருந்தால் இந்த உதவியே கிடையாது. ஒன்றுமில்லாதவர்தான் வரலாம், வரும்போது முப்பது டாலர் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்தில் பேருந்து மணிக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் ஆகஸ்ட் மாத வெயிலில் இரண்டு பேருந்து மாறி லேபுக்குப் போய்த் திரும்புவதற்கும், நான் காரில் ஏசி போட்டுக்கொண்டு போனதற்கும் டெஸ்ட் என்ற பெயரைத் தவிர ஒற்றுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அக்டோபர் 24-இல் நீதிமன்றம் நிறுத்தும் வரை சோதனை செய்துகொண்டவர்கள் 4,046 பேர். பாசிட்டிவ் 108 பேர். அதாவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, 2.67 சதவீதம். தேறிய 3,938 பேருக்கும் ஆளுக்கு 30 டாலர் வீதம் திருப்பிக் கொடுத்தால் 118,140 டாலர். அரசு திருப்பிக் கொடுத்ததாகப் பதிவில் உள்ள தொகையும் அச்சு அசலாக அதுதான். அந்த 108 பேருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததைவிட இது அதிகம் என்பது அரசின் சொந்தக் கணக்கிலேயே தெரிந்தது. ஊழியர் நேரம், வக்கீல் செலவு எதுவும் இதில் சேர்த்தியில்லை.

என்னை யோசிக்க வைத்த எண் வேறொன்று: 2,306. மற்ற எல்லாத் தகுதியும் இருந்தும் சோதனை முடிவைக் கொண்டுவந்து கொடுக்காமலே போனவர்கள் இவர்கள். பார்த்தீர்களா, இவர்களெல்லாம் போதைக்காரர்கள், பயந்து ஓடிவிட்டார்கள் என்று சொன்னார்கள் ஆதரவாளர்கள். ஒரு வலதுசாரி ஆய்வு அமைப்பு, டெஸ்ட்டுக்கு வராமல் போனவர்களையும் மாட்டியவர்கள் கணக்கில் சேர்த்து, மாநிலத்துக்கு இவ்வளவு மிச்சம் என்று ஒரு சிறு வெளியீடே போட்டது. அரசுத் தரப்பு அதை நீதிமன்றத்தில் ஆதாரமாக வைத்தபோது, இது நிபுணர் கருத்தே அல்ல என்று நீதிபதி ஒதுக்கிவைத்தார். அவர்கள் ஏன் வரவில்லை என்பதற்கு வழக்கில் எந்தச் சான்றும் இல்லை. முப்பது டாலர் இல்லாதவர், லேப் தூரமாக இருந்தவர், ஹாட்லைன் என்றதும் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்தவர், அதற்குள் எங்காவது வேலை கிடைத்துப் போனவர், நிஜமாகவே நேற்று கஞ்சா புகைத்தவர் என்று எல்லா வகையும் அதில் இருந்திருக்கலாம். ஒரு திட்டத்தால் 108 பேர் மாட்டி 2,306 பேர் வராமல் போனார்கள் என்றால், அந்தத் திட்டம் வேலை செய்த இடம் லேப் அல்ல, லேபுக்குப் போகும் வழி.

டெஸ்ட்டின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கஞ்சாவின் சாரம் கொழுப்பில் தங்கும். தினமும் புகைப்பவர் சிறுநீரில் ஒரு மாதம் வரைகூடத் தெரியும். கொக்கெய்னும் ஹெராயினும் சில நாளில் கழிந்துவிடும். நாள் குறித்துக்கொண்டு போகும் ஹெராயின் ஆசாமி தப்பிவிடுவார், பதினைந்து நாள் முன்னால் கஞ்சா புகைத்தவர் மாட்டுவார். குடும்பங்களை அதிகமாகச் சீரழிக்கும் சாராயத்தைப் பற்றி இந்தச் சோதனைக்குக் கவலையே இல்லை.

இதில் வேடிக்கை, ஃபுளோரிடா இதைப் போன்ற ஒன்றை முன்பே ஒரு தடவை செய்து பார்த்திருந்தது. 1998 முதல் 2001 வரை மாநிலத்தின் இரண்டு பகுதிகளில் முன்னோட்டத் திட்டம் நடந்தது. 6,462 பேரைப் பரிசீலித்ததில் 335 பேருக்கு, அதாவது 5.2 சதவீதம் பேருக்கு பாசிட்டிவ். ஆராய்ந்த பல்கலைக்கழகக்காரர்கள், போதை பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் வேலை கிடைப்பதிலும் சம்பாத்தியத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டு, திட்டத்தை விரிவாக்க வேண்டாம் என்றே சொன்னார்கள். காகிதம் அலமாரிக்குப் போனது. பத்து வருஷம் கழித்து, அலமாரியைத் திறக்காமலே சட்டம் வந்தது.

போதை எங்கே விற்றது என்று அரசுக்குத் தெரியும் என்று மேலே சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2010-இல் அமெரிக்காவிலேயே தங்கள் கிளினிக்கிலிருந்து நேரடியாக அதிகமாக ஆக்ஸிகோடோன் என்ற அபின் வகை வலிநிவாரண மாத்திரை கொடுத்த முதல் 100 டாக்டர்களில் 98 பேர் ஃபுளோரிடாக்காரர்கள். இது மத்திய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. 'பில் மில்' என்று பேர். வலிநிவாரண கிளினிக் என்று போர்டு மாட்டியிருக்கும், உள்ளே டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நூற்றுக்கணக்கில் மாத்திரை எழுதி அங்கேயே கொடுப்பார், காசு ரொக்கமாக. கென்டக்கி மாநிலத்திலிருந்தெல்லாம் காரோட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போவார்கள். ஃபுளோரிடாவிலும் அண்டை மாநிலங்களிலும் பிணம் விழுந்துகொண்டிருந்தது.

எந்த டாக்டர் யாருக்கு எவ்வளவு எழுதுகிறார் என்று கண்காணிக்கும் தரவுத்தளம் ஒன்றுக்கு 2009-இலேயே சட்டம் நிறைவேறியிருந்தது. 2011 தொடக்கத்தில், பதவியேற்ற சூட்டோடு, அந்தத் தரவுத்தளமே வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்றார் ஆளுநர் ஸ்காட். சொன்ன காரணங்களில் ஒன்று, அது மக்களின் அந்தரங்கத்தில் தலையிடுகிறது என்பது.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அதே ஆள், அதே வருஷம். மாத்திரைச் சீட்டைப் பதிவு செய்தால் அந்தரங்கம் போய்விடும், ஒரு தாயைக் குப்பியில் சிறுநீர் கழிக்கச் சொன்னால் போகாது.

சொந்தக் கட்சியிலிருந்தும் கென்டக்கி பக்கத்திலிருந்தும் நெருக்கடி வரவே, ஏப்ரலில் அவர் இறங்கி வந்தார். பில் மில் ஒழிப்புச் சட்டத்தில் ஜூன் 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார், வெல்ஃபேர் டெஸ்ட் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட மூன்றாவது நாள். டாக்டர்கள் கிளினிக்கிலிருந்தே அந்த வகை மாத்திரை கொடுப்பதற்குப் பெரும்பாலும் தடை வந்தது, தரவுத்தளமும் இயங்க ஆரம்பித்தது. 2010-க்கும் 2012-க்கும் இடையில் ஆக்ஸிகோடோனால் நேரும் சாவு விகிதம் மாநிலத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. ஒரே வாரத்தில் கையெழுத்தான இரண்டு சட்டங்கள். வெள்ளைக்கோட்டுக்காரர்கள் பக்கம் போனது உயிர்களைக் காப்பாற்றியது. ஏழைகள் பக்கம் போனது 108 பேரைப் பிடித்தது.

வழக்குத் தொடுத்தவர் ஒரு முன்னாள் கடற்படை வீரர். முப்பத்தைந்து வயது, ஆர்லாண்டோவில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். தனியாக நாலு வயது மகனையும் உடல் முடியாத தாயையும் பார்த்துக்கொள்பவர். அவருக்கும் மகனுக்கும் சேர்த்துக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை மாதம் 241 டாலர். போதைப் பழக்கம் எதுவும் கிடையாது, இருந்தாலும் டெஸ்ட் கொடுக்க மாட்டேன் என்றார். நம்மூர் வழக்கில் சொன்னால், "மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்" என்று அவரைத்தான் எல்லோரும் கேட்பார்கள். கனமில்லாதவன் மடியை ஏன் அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பதே அவர் வழக்கு.

விசாரித்த நீதிபதி மேரி ஸ்க்ரிவன், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். எனவே இதை இடதுசாரி நீதிமன்றத்தின் வேலை என்று தள்ளிவிட முடியாது. 2011 அக்டோபரில் இடைக்காலத் தடை, 2013 டிசம்பர் 31-இல் நிரந்தர ரத்து. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மனுதாரர்கள் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்துத்தானே வந்தார்கள் என்றது அரசு. போடாவிட்டால் பிள்ளைக்குச் சோறில்லை என்ற நிலையில் வாங்கும் கையெழுத்தை அரசியலமைப்பு சம்மதமாக ஏற்காது என்றது நீதிமன்றம். ஏழையாக இருப்பதாலேயே ஒருவரைப் போதைக்காரர் என்று அரசு சந்தேகிக்க முடியாது, மற்றவர்களைவிட இவர்களிடம் போதை அதிகம் என்று காட்டவும் முடியவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போக ஸ்காட் முயலவில்லை.

ஏழை வீட்டுக்குள் அரசு மூக்கை நுழைப்பது புதிய பழக்கம் அல்ல. 1963 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டியில், உதவி பெறும் தாய்மார்களின் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சமூகப் பணியாளர்களை ஜோடி ஜோடியாக அனுப்பினார்கள். ஒருவர் முன்வாசலில், இன்னொருவர் கொல்லைப்புறத்தில். படுக்கையில் ஆம்பிளை இருக்கிறானா என்று பார்க்க வேண்டும், இருந்தால் உதவியை நிறுத்தலாம். பென்னி பாரிஷ் என்ற பார்வையற்ற சமூகப் பணியாளர் இந்த வேலைக்கு நான் போக மாட்டேன் என்றார். வேலையை விட்டு நீக்கினார்கள். 1967-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறு ஆண்டு, தாயோடு உறவு வைத்திருக்கும் ஆணை அந்தப் பிள்ளைகளுக்கு அப்பனாகக் கணக்கிட்டு உதவியை வெட்டிய அலபாமா விதியை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. ஆனால் 1971-இல் அதே நீதிமன்றம், பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குத் தாய் ஒத்துக்கொள்ளாவிட்டால் உதவியை நிறுத்தலாம் என்றும் சொன்னது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஓர் அரசு மருத்துவமனை, பிரசவத்துக்கு வந்த பெண்களின் சிறுநீரை அவர்களுக்குத் தெரியாமல் கொக்கெய்னுக்குச் சோதித்துப் போலீசுக்குக் கொடுத்தது. கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். 2001-இல் அதுவும் அரசியலமைப்புக்கு எதிரானது என்று ஆனது. அன்றைக்குப் படுக்கையறை, பிறகு பிரசவ வார்டு, அப்புறம் குப்பி.

ஃபுளோரிடாத் தீர்ப்புக்குப் பிறகும் மற்ற மாநிலங்கள் விடவில்லை, வழியை மாற்றிக்கொண்டன. எல்லோரையும் சோதித்தால்தானே வழக்கு? முதலில் ஒரு கேள்வித்தாள், பதிலில் சந்தேகம் வந்தால் மட்டும் குப்பி. யூட்டாவில் முதல் வருஷத்தில், 2012 ஆகஸ்ட் முதல் 2013 ஜூலை வரை, 4,730 பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து 466 பேரைச் சோதித்தார்கள். பாசிட்டிவ் 12. டென்னசியில் முதல் ஆறு மாதத்தில் மனுப்போட்ட 16,017 பேரில் மாட்டியவர்கள் 37. மிசௌரியில் 2014-இல் ஏறக்குறைய 39,000 மனுக்கள், பாசிட்டிவ் 48, செலவு 336,297 டாலர். ஒரு ஆளைப் பிடிக்க 7,000 டாலர். நாட்டின் பொது மக்கள்தொகையில் சட்டவிரோதப் போதை பயன்படுத்துவோர் அப்போது 9.4 சதவீதம். டென்னசியின் கேள்வித்தாளில் மூன்றே கேள்விகள். கடைசி மூன்று மாதத்தில் போதைப்பொருள் பயன்படுத்தினாயா என்கிற ரகம். ஆமாம் என்று எழுதும் அளவுக்கு வெள்ளந்தியாக இருப்பவர் மட்டும் மாட்டுவார். 9.4 எங்கே, 37 பேர் எங்கே என்று அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

அரசுப் பணம் வாங்குகிறவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது கொள்கை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, எல்லோருக்கும் என்றால். வீட்டுக் கடன் வட்டிக்கு வருஷா வருஷம் நான் வரிக்கழிவு வாங்குகிறேன். அதுவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான், பல வருஷங்களில் அந்த 303 டாலரைவிடக் கனமாகவே இருந்திருக்கிறது. வரிக்கணக்கு போடும் மென்பொருளான டர்போடாக்ஸ் ஒரு தடவைகூட என்னைக் குப்பியை நிரப்பச் சொன்னதில்லை. 2020-இல் கோவிட் சமயத்தில் சிறு நிறுவனங்களுக்கு பிபிபி கடன் என்று கோடி கோடியாகக் கொடுத்துப் பிறகு தள்ளுபடி செய்தார்களே, எங்கள் வட்டத்தில் கன்சல்டிங் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலருக்கு வந்தது. ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அது வேறண்ணே. அது எக்கானமிக்கு," என்றார்.

விஸ்கான்சின் காங்கிரஸ் உறுப்பினர் க்வென் மூர் 2016-இல் ஒரு மசோதாவே கொண்டுவந்தார்: 150,000 டாலருக்கு மேல் வரிக்கழிவு கேட்கும் பணக்காரர்களும் போதை டெஸ்ட் கொடுக்கட்டும். அவரே ஒரு காலத்தில் வெல்ஃபேர் வாங்கிய தாய். மசோதா எங்கும் போகாது என்று அவருக்கே தெரியும். அதற்கு முன்பே, டாம்பாவில் படித்த இந்திய வம்சாவளி நகைச்சுவை நடிகர் ஆசிஃப் மாண்ட்வி, ஆளுநர் ஸ்காட்டின் செய்தியாளர் கூட்டத்தில் எழுந்து, உங்கள் சம்பளமும் வரிப்பணம்தானே என்று ஒரு காலிக் குப்பியை நீட்டினார். ஆளுநர் வாங்கிக்கொள்ளவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, அது நேர்மையான கேள்வி. நிஜமாகவே போதைக்கு அடிமையான ஒரு தாய் வந்தால்? பணத்தைக் கொடுத்தால் அவள் ஊசி வாங்கமாட்டாளா, பிள்ளைகள் கதி? அம்மாவிடம் இந்த விவகாரத்தை விளக்கியபோது அவர் ரேஷன் கடையை வைத்துத்தான் யோசித்தார். "குடிகாரன் வீட்டுக்கும்தான் இங்க அரிசி போடுறாங்க. அவன் குடிக்கிறான்னு பொண்டாட்டி புள்ளைங்களைப் பட்டினி போடுறதா?" டாஸ்மாக் நடத்தும் அதே அரசு வாசலில் யாரையும் ஊதச் சொல்லாமல் அரிசி போடுகிறது என்பது தமிழ்நாட்டைப் பற்றி நான் வெட்கமில்லாமல் பெருமைப்படும் விஷயங்களில் ஒன்று. ஆனால் அரிசி போதையைத் தீர்க்காது. அந்தத் தாய்க்கு வேண்டியது சிகிச்சை: போதை ஏக்கத்தைத் தணிக்கும் பியூப்ரெனார்ஃபின் மாதிரி மருந்து, மாதக்கணக்கில் கவனிக்கும் ஆள், பிள்ளையோடு போய்த் தங்க ஓர் இடம். எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டை விரிவாக்க மறுத்த மாநிலங்களில் ஃபுளோரிடாவும் ஒன்று.

2011 சட்டம் இவளுக்கு என்ன வைத்திருந்தது என்று பிரிவைத் தேடிப் படித்தேன். பாசிட்டிவ் வந்தவருக்கு அவர் பகுதியில் உள்ள சிகிச்சை நிலையங்களின் பட்டியல் தரப்படும். சிகிச்சை முடித்தால் ஒரு வருஷத் தடை ஆறு மாதமாகக் குறையும். அதற்குக் கீழேயே இன்னொரு வரி: சிகிச்சையை ஏற்பாடு செய்யவோ அதற்குப் பணம் கட்டவோ துறையும் மாநிலமும் பொறுப்பல்ல. ஒவ்வொரு நம்பராகப் போன் போட்டு, இடம் இருக்கிறதா, எவ்வளவு ஆகும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டுக்கொள்வது அவள் பாடு.